சென்னைப் பல்கலைக்கழகம்: வரலாறு, வளாகம், சான்றிதழ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகம் தொடங்கியது 1857 என்கிறார்கள், சிலர் 1840 என்கிறார்கள். எது சரி?

சட்டப்படி 1857 செப்டம்பர் 5. அன்றுதான் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவும் ஜூலையில் பம்பாயும் பிறந்துவிட்டன. மூன்றில் சென்னைதான் கடைக்குட்டி.

1840 வேறு கதை. 1839 நவம்பரில் சென்னை மாகாணத்து மக்கள் ஏறத்தாழ 70,000 கையெழுத்துகளோடு ஒரு மனு கொடுத்தார்கள். ஆங்கிலக் கல்வி தரும் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது கோரிக்கை. அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் அதை ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் சேர்ப்பித்தார். 1840 இல் நார்ட்டன் தலைமையில் 'யுனிவர்சிட்டி போர்டு' அமைந்தது. பெயரில் யுனிவர்சிட்டி இருந்தாலும் அதனால் உருவானது ஓர் உயர்நிலைப்பள்ளி. 1841 இல் எழும்பூரில் தொடங்கிய அந்தப் பள்ளி வளர்ந்துதான் மாநிலக் கல்லூரி ஆனது. ஆகவே 1840 மாநிலக் கல்லூரியின் கணக்கு, 1857 பல்கலைக்கழகத்தின் கணக்கு. இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதால்தான் குழப்பம்.

எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டு வாங்கிய கல்வி இது என்பதை இந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1857 இல் அங்கே பாடம் நடத்திய பேராசிரியர்கள் யார்?

ஒருவரும் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகப் புரியும்.

இலண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய அமைப்பை மாதிரியாக வைத்து உருவானது இது. பாடம் கல்லூரியில் நடக்கும். பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுக்கும், வினாத்தாள் எடுக்கும், தேர்வு நடத்தும், பட்டம் தரும். வகுப்பறையே கிடையாது. ஆளுநர் பதவி வழியாக வேந்தர். முதல் துணைவேந்தர் சர் கிறிஸ்டோபர் ராலின்சன் சென்னையில் அன்று இருந்த உச்சநீதிமன்றத்தின் நீதிபதி, ஆசிரியர் அல்லர்.

பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தலாம் என்று வழி திறந்தது 1904 ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதன் பிறகே வரலாறு, பொருளியல் போன்றவற்றுக்குப் பேராசிரியர் பதவிகள் வந்தன. 1923 ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் செனட் (பேரவை), சிண்டிகேட் (ஆட்சிக்குழு), அகாடமிக் கவுன்சில் (கல்விக்குழு) ஆகியவற்றைத் தனித்தனி அதிகாரங்களோடு அமைத்தது. 1927 ஐ ஒட்டிப் பல ஆராய்ச்சித் துறைகள் முளைத்தன. கீழ்த்திசை மொழிகளுக்கான ஆய்வு நிறுவனமும் அப்போது வந்ததுதான்.

ஆக, முதல் அரை நூற்றாண்டு இது முழுக்க முழுக்கத் தேர்வு நடத்தும் அமைப்பு. கல்லூரி ஒரு பக்கம், பட்டம் தருபவர் மறு பக்கம் என்ற அந்த அமைப்பு இன்றும் நீடிக்கிறது. இன்றைய மாணவர் எந்தக் கவுன்ட்டரில் போய் நிற்க வேண்டும் என்பதைக்கூட அதுதான் முடிவு செய்கிறது.

முதல் பட்டதாரிகள் யார்?

1858 இல் பி.ஏ. முடித்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்தார். தாமோதரம் பிள்ளை பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர். ஆங்கிலக் கல்விக்கென்று எழுந்த பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து பதிப்பித்தார் என்பதைத் தமிழ் படிப்பவர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நான் படித்த கல்லூரி இப்போது வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பழைய சான்றிதழுக்கு எங்கே போவது?

அதிகம் பேர் தவறான இடத்தில் போய் நிற்பது இந்த விஷயத்தில்தான். விதி ஒன்றே: உங்கள் மதிப்பெண் பட்டியலில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறதோ, பதிவேடு அங்கேதான் இருக்கும். கல்லூரி இன்று யாருடன் இணைந்திருக்கிறது என்பது பொருட்டில்லை.

ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்க இந்த ஒரே பல்கலைக்கழகம்தான் தேர்வு நடத்தியது. அதிலிருந்து ஒவ்வொரு பகுதியாகப் பிரிந்தது. மைசூர் 1916 இலும் ஆந்திரா 1926 இலும் தனியாகப் போயின. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 இல் வந்தது. திருவிதாங்கூர் 1937 இல் பிரிந்தது. மலபார்ப் பகுதிக் கல்லூரிகள் மட்டும் கேரள மாநிலம் அமையும்வரை சென்னையோடு இருந்தன. ஹைதராபாத் நிஜாம் கல்லூரிகூட 1947 வரை சென்னையில் இணைப்புப் பெற்றிருந்தது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கல்லூரிகள் பிரிந்துபோன ஆண்டுகளில் நினைவில் வைக்க வேண்டியவை இவை:

– மதுரை, திருநெல்வேலி, குமரி வட்டாரம்: 1966 இல் மதுரைப் பல்கலைக்கழகம்
– வேளாண்மை: 1971
– கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக்: 1978 இல் அண்ணா பல்கலைக்கழகம்
– திருச்சி, தஞ்சை வட்டாரம் பாரதிதாசனுக்கும், கோவை வட்டாரம் பாரதியாருக்கும்: 1982
– புதுச்சேரிக் கல்லூரிகள்: 1985
– மருத்துவம்: 1988 இல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்
– சட்டம்: 1997
– வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்: 2002 இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம்
– பி.எட்.: 2008

எடுத்துக்காட்டாக, 1975 இல் கோவையில் பி.எஸ்சி. முடித்தவரின் பதிவேடு சென்னைப் பல்கலைக்கழகத் தலைமையிடமான சேப்பாக்கத்தில் இருக்கிறது. 1980 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முடித்த மருத்துவருக்கும் அப்படியே.

சிக்கல் வருவது பிரிந்த ஆண்டையொட்டிப் படித்தவர்களுக்கு. 1981 இல் சேர்ந்து 1984 இல் முடித்த ஒருவருக்கு முதல் ஆண்டு மதிப்பெண் ஒரு முத்திரையோடும் பட்டம் இன்னொரு முத்திரையோடும் இருக்கலாம். அப்படியிருந்தால் விண்ணப்பிக்குமுன் எல்லா மதிப்பெண் பட்டியல்களையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, பதிவெண், ஆண்டு, முத்திரை மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டு மதிப்பீட்டு நிறுவனம் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டால் இரண்டு இடத்திலிருந்தும் வாங்க வேண்டியிருக்கும்.

தன்னாட்சிக் கல்லூரியில் படித்தேன். மதிப்பெண்ணில் பிழை. பல்கலைக்கழகத்துக்குப் போகலாமா?

வேண்டாம், கல்லூரிக்குப் போங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் வினாத்தாள், திருத்தம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பொறுப்பு. கல்லூரி அனுப்பும் பட்டியலை வைத்துப் பட்டச் சான்றிதழை மட்டும் பல்கலைக்கழகம் தரும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி என்றால் தேர்வும் பல்கலைக்கழகத்தினுடையது, பிழைத்திருத்தமும் அங்கேதான்.

பட்டச் சான்றிதழில் பெயர் தவறாக இருந்தாலும் முதலில் கல்லூரிப் பட்டியலைப் பாருங்கள். பிழை அங்கிருந்து வந்திருந்தால் கல்லூரி முதல்வரின் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழகம் எதையும் மாற்றாது.

பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டோடு பொருந்தவில்லை. என்ன செய்வது?

நம் பெயர் முறைக்கும் பாஸ்போர்ட் கேட்கும் 'சர்நேம்' முறைக்கும் உள்ள இடைவெளியால் வரும் சங்கடம் இது. பல்கலைக்கழகம் பத்தாம் வகுப்பு அல்லது பிளஸ் 2 சான்றிதழில் உள்ள பெயரைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ளும். அங்கே 'கே. முருகன்' என்றால் பட்டத்திலும் அதுதான். 'முருகன் கந்தசாமி' என்று பாஸ்போர்ட் எடுத்தபின் பட்டத்தை மாற்றித் தரச் சொன்னால் மாற்ற மாட்டார்கள். அவர்கள் பக்கம் பிழை இல்லையே.

படித்துக்கொண்டிருப்பவர்கள் செய்யக்கூடியது: முதல் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த அன்றே பெயர், இனிஷியல், பிறந்த தேதி, ஆங்கில எழுத்துக்கூட்டல் நான்கையும் பள்ளிச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அப்போது கண்டுபிடித்தால் ஒரு விண்ணப்பத்தோடு முடியும். ஆறு செமஸ்டர் கழித்துக் கண்டால் ஆறு பட்டியலையும் திருப்பிக் கொடுத்து மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே முடித்தவர்கள், இனிஷியலின் விரிவு என்ன என்பதையும் இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதையும் சொல்லும் பிரமாண வாக்குமூலத்தை நோட்டரியிடம் பெற்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் போதும். பெயரையே மாற்றியவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவை.

சான்றிதழ் தொலைந்துவிட்டது. நகல் வாங்கும் வழி?

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, 'தேடியும் கிடைக்கவில்லை' என்ற சான்று பெற வேண்டும். புகாரில் 'என் சான்றிதழ்கள்' என்று பொதுவாக எழுதுவதுதான் பலர் செய்யும் தவறு. எந்தச் சான்றிதழ், எந்தப் பட்டம், பதிவெண், தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். பதிவெண் நினைவில்லையென்றால் கல்லூரி அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு பிறகு புகார் கொடுப்பது நல்லது. அதன்பின் பல்கலைக்கழக விண்ணப்பம், கட்டணம், கையில் இருக்கும் ஜெராக்ஸ். கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால் பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள அன்றைய பட்டியலைப் பார்த்துக் கட்டுங்கள்.

புரொவிஷனல் சான்றிதழ் வேறு, பட்டச் சான்றிதழ் வேறு, மைக்ரேஷன் வேறு. மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம் போதும் என்று எண்ணி வந்து ஒரு நாளை வீணாக்குவோர் பலர். வேறு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்பவர்களுக்கு மைக்ரேஷன் தேவை. வேலைக்குப் போகிறவருக்குப் பொதுவாகத் தேவையில்லை.

மொத்தம் 44 வாங்கியும் ஃபெயில் என்று வந்திருக்கிறது. தவறா?

தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. இளநிலை எழுத்துத் தாளில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. மொத்தத்தில் 40 வேண்டும், அதோடு எக்ஸ்டர்னலில் மட்டும் 75 க்கு 30 வேண்டும். இன்டர்னல் 15, எக்ஸ்டர்னல் 29 என்றால் கூட்டல் 44 வந்தாலும் தேர்ச்சி இல்லை. முதுநிலையில் மொத்தம் 50, எக்ஸ்டர்னலில் 38. இன்டர்னல் முழு 25 வாங்கியவர்கூட எக்ஸ்டர்னலில் 37 எடுத்தால் அரியர்தான். இன்டர்னலுக்குத் தனியாகக் குறைந்தபட்சம் கிடையாது. அதனால்தான் 'இன்டர்னல் நல்லா போட்டுருக்காங்க' என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து.

தேர்வு முடிவு வந்தபின் மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்குச் சில நாள்களே அவகாசம். 28, 29 என்று எல்லையில் நிற்பவர் உடனே விண்ணப்பிக்கலாம். 15 வாங்கியவர் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதைவிட அடுத்த முறை எழுதுவதில் கவனம் வைப்பது நல்லது. இறுதி செமஸ்டரில் ஒரே ஒரு தாள் மட்டும் நின்றவர்களுக்கு இன்ஸ்டன்ட் தேர்வு நடக்கும். முந்தைய அரியர் ஏதாவது பாக்கியிருந்தால் அது கிடைக்காது.

இன்னொன்று, பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய திட்டத்தில் வினாத்தாள் சில முறைதான் எடுப்பார்கள். அதன்பின் புதிய பாடத்தில் இணையான தாளை எழுத வேண்டிவரும். அரியரைத் தள்ளிப்போடுபவர் ஒரு கட்டத்தில் தாம் படிக்காத பாடத்தை எழுத நேர்வது இப்படித்தான்.

தொலைநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா?

செல்லும். தொலைநிலைக் கல்வி நிறுவனம் 1981 முதல் இயங்குகிறது. யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம். ஆனால் தமிழக அரசுப் பணிக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, அதன்பின் பட்டம் என்ற வரிசை வேண்டும். பிளஸ் 2 இல்லாமல் திறந்தநிலை முறையில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடுகிறார்கள். சேரும்போதே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கோருபவர்களும் கவனிக்க வேண்டும். கல்லூரியில் மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, பள்ளித் தொடக்கத்திலிருந்தே தமிழ்வழி என்பதற்குச் சான்று வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலிருந்தும் தனித்தனியே வாங்க வேண்டியிருப்பதால், அறிவிக்கை வருமுன்பே வாங்கி வையுங்கள்.

வளாகங்கள் எத்தனை? எதற்கு எங்கே போக வேண்டும்?

சேப்பாக்கம் தலைமையிடம். பதிவாளர் அலுவலகம், தேர்வுப் பிரிவு, தொலைநிலை நிறுவனம், நூலகம், ராமானுஜன் கணித நிறுவனம், சமூக அறிவியல் துறைகள் அங்கே இருக்கின்றன. கடற்கரைச் சாலையில் சற்றுத் தெற்கே மெரினா வளாகம், அது மொழித்துறைகளின் இடம். கிண்டி வளாகம் அறிவியலுக்கு. தரமணியில் டாக்டர் ஏ. எல். முதலியார் பெயரிலான அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம். சேத்துப்பட்டில் விளையாட்டு மைதானம், மதுரவாயலில் தாவரவியல் கள ஆய்வு நிலம்.

சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் எளிது, அதே பெயரில் நிலையம் இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியாக வரலாம். கிண்டி வளாகம் சர்தார் பட்டேல் சாலையில், தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. பெயரை நம்பிக் கிண்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நெடுந்தூரம் நடக்க வேண்டும். கோட்டூர்புரம் நிலையம் பக்கம்.

சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் நடக்கும் நாளில் வாலாஜா சாலையும் பெல்ஸ் சாலையும் நெரியும், வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். தேர்வோ சான்றிதழ் வேலையோ அந்த நாளில் விழுந்தால் ரயிலில் வருவதே உத்தமம். நவம்பர்த் தேர்வுக்காலம் வடகிழக்குப் பருவமழையோடு ஒட்டி வருவதால் மழை விடுமுறையில் தேர்வு தள்ளிப்போவது வழக்கம். பள்ளிகளுக்கு விடுமுறை என்ற செய்தியைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் தனியாக அறிவிக்கும்.

வெளியூரிலிருந்து வருகிறேன். எங்கே தங்கலாம்?

பல்கலைக்கழக விடுதியில் இடம் குறைவு, துறையில் சேர்ந்தவுடன் முதல் வேலையாக விண்ணப்பியுங்கள். கிடைக்காத ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறைகளாகக் கைகொடுத்து வருகின்றன. மெஸ் சாப்பாடு, பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகள், நடந்து போகும் தூரத்தில் நூலகம், மாலையில் கடற்கரை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அங்கே குவிவதற்கு இதுதான் காரணம். அறை பார்க்கும்போது மூன்றைக் கேளுங்கள்: தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், அட்வான்ஸ் திரும்பக் கிடைக்க எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், ஜன்னல் இருக்கிறதா. ஜன்னல் இல்லாத அறையில் மே மாதத்தைக் கழிப்பது உடம்புக்கு ஆகாது.

செனட் ஹவுஸ் எப்போது கட்டினார்கள்?

1874 முதல் 1879 வரை. வடிவமைத்தவர் ராபர்ட் சிஸம். மாநிலக் கல்லூரிக் கட்டிடமும் அவருடையதே. பக்கத்தில் நவாபின் சேப்பாக்கம் அரண்மனை இருந்ததால், அதோடு இசைந்து நிற்கும்படி இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டிடக்கலைகள் கலந்த இந்தோ-சாரசனிக் பாணியில் எழுப்பினார். நான்கு மூலையிலும் குவிமாடத்தோடு கோபுரங்கள், வண்ணக் கண்ணாடிகள், நடுவே தூண்கள் மறைக்காத பெரிய மண்டபம்.

வகுப்பறையே இல்லாத பல்கலைக்கழகத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய மண்டபம் என்று தோன்றலாம். தேர்வு எழுதவும் பட்டமளிக்கவும்தான். 1937 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் சில மாதங்கள் இங்கேதான் கூடியது. கடற்காற்றின் உப்பு இரும்பையும் சுண்ணாம்புப் பூச்சையும் அரித்து, கட்டிடம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. நூற்றைம்பதாவது ஆண்டையொட்டி பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் துணையோடு சீரமைத்தார்கள். உப்புக்காற்று இன்னும் வீசுகிறது. பராமரிப்பில் சில ஆண்டுகள் கண்ணயர்ந்தால் மறுபடி அதே நிலைக்குப் போகும் கட்டிடம் இது.

நூலகத்துக்கும் எஸ். ஆர். ரங்கநாதனுக்கும் என்ன தொடர்பு?

மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த ரங்கநாதன் 1924 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். இலண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931 இலும் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை 1933 இலும் நூலாக வெளியிட்டார். இரண்டும் இந்தப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே உருவானவை. கடற்கரையைப் பார்த்த நூலகக் கட்டிடம் 1936 இல் திறந்தது.

வெளி ஆய்வாளர்கள் நெறியாளர் அல்லது துறைத்தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும். எந்த நூல், எந்த ஆண்டுப் பதிப்பு என்று பட்டியல் எழுதிக்கொண்டு வந்தால் அரை நாளில் வேலை முடியும்.

ராமானுஜன் இங்கே படித்தாரா?

பட்டம் பெறவில்லை. பி.ஏ.வுக்கு முந்தைய படியான எஃப்.ஏ. தேர்வில் கணிதம் தவிர மற்றவற்றில் தோற்றார். ஆனால் 1913 இல், துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த அவருக்கு, பட்டம் இல்லாதபோதும், மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அறிக்கைகளையும் கொடுத்தார். தேர்வில் தோற்றவர் என்று தானே எழுதிவைத்த ஒருவருக்காகத் தேர்வு நடத்தும் அமைப்பு தன் விதியைத் தளர்த்தியது இந்தப் பல்கலைக்கழக வரலாற்றின் மிக நல்ல முடிவு.

அவருடைய மூல நோட்டுப்புத்தகங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 'தொலைந்த நோட்டுப்புத்தகம்' என்று சொல்லப்படுவது வேறு. அது 1976 இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடைத்தது.

அறிவியலில் இங்கிருந்து உலகுக்குப் போனது என்ன?

ஒன்றைச் சொல்வதானால் ஜி. என். ராமச்சந்திரன். 1952 இல் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மாதிரிகளைப் பெற்று, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954 இல் அதன் மூவிழைச் சுருள் அமைப்பை வெளியிட்டார். 1963 இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க உலகெங்கும் பயன்படுகிறது. அன்று துணைவேந்தராக இருந்தவர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள்.

தமிழ் லெக்சிகனில் சொல் தேடினால் கிடைப்பதில்லையே?

தேடும் முறையில்தான் பெரும்பாலும் கோளாறு. 1913 இல் ஜே. எஸ். சாண்ட்லர் தலைமையில் தொடங்கி, 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த, இந்தப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி அது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939 இல் பிற்சேர்க்கை. முதல் ஆறில் மட்டும் 1,04,405 சொற்கள்.

வினைச்சொல்லை 'படித்தான்', 'படிக்க' என்று தேடக் கூடாது. பகுதியோடு தொழிற்பெயர் விகுதி சேர்ந்து 'படி-த்தல்' என்றுதான் இருக்கும். 'படி-தல்' தனிச் சொல், பொருளும் வேறு. வினைகளை 13 வகையாகப் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள். ஒரே வடிவில் பல சொற்கள் இருந்தால் மேலே சிறிய எண் இருக்கும், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆறு தொகுதியிலும் இல்லையென்றால் பிற்சேர்க்கையைப் புரட்டாமல் விடாதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஊர்ப் பெயர் மாறியும் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' ஏன் நீடிக்கிறது?

நகரின் பெயர் 1996 இல் மாறியது. பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் சட்டத்தில் உள்ள பெயர், அது மாறவில்லை. தமிழில் அதற்கு நெடுநாள் முன்பே 'சென்னைப் பல்கலைக்கழகம்', அதற்கும் முன் 'சென்னைச் சர்வகலாசாலை'.

பெண்கள் எப்போது வந்தார்கள்?

1875 இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1911 இல் சகோதரி சுப்பலட்சுமி பி.ஏ. பட்டமும், 1912 இல் முத்துலட்சுமி ரெட்டி மருத்துவப் பட்டமும் பெற்றார்கள். 1914 இல் இராணி மேரி கல்லூரி கடற்கரையில் தொடங்கியது. ஏ. லலிதா கிண்டியில் மின்பொறியியல் முடித்தது 1943 இல்.

எங்கள் கொள்ளுத்தாத்தா 'அந்தக் கால பி.ஏ.' என்பார்கள். உறுதிசெய்ய முடியுமா?

முடியும். பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் 'காலண்டர்' என்ற தடித்த தொகுதியை வெளியிட்டது. விதிகள், வினாத்தாள்களோடு பட்டதாரிகளின் பெயர்ப்பட்டியலும் ஆண்டு, கல்லூரி விவரத்தோடு அதில் இருக்கும். பழைய தொகுதிகள் சில இணைய ஆவணக் களஞ்சியங்களில் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன.

பெயரை இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் அகப்படாது. ஊர்ப்பெயர், சாதிப்பெயர் சேர்ந்த முழுப்பெயரை எழுதி, ஒலிக்கு ஏற்ற நாலைந்து வடிவங்களில் தேடுங்கள். ஸ்கேன் தேடல் பழைய அச்சைத் தவறாகப் படிக்கும் என்பதால் ஆண்டு தெரிந்தால் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்ப்பதே நம்பகம். பட்டியலில் இல்லையென்றால் குடும்பக் கதை பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எஃப்.ஏ. மட்டும் முடித்தவர்களும், பி.ஏ.வில் ஆங்கிலம் தேறி மற்றொரு பிரிவில் நின்றவர்களும் ஏராளம். பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. ஃபெயில்' என்று சொல்லிக்கொள்வதே அன்று ஒரு தகுதி, அதற்கும் வேலை கிடைத்தது.